பூட்டி வைத்த சார்ஜர்

புருஷனால் வீட்டுக்குள் முடக்கப்பட்ட பெண்களைப் பற்றிய அவளுடைய ஆராய்ச்சி புத்தகமாக வர வேண்டுமென்றால், பல்கலைக்கழக எத்திக்ஸ் கமிட்டி சம்மதிக்க வேண்டும். அவர்களோ அவளை அலையவிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"பேட்டி கொடுத்தவங்க யாருன்னு வெளிய தெரிஞ்சா, அவங்க கதி என்னம்மா?" என்றார் கமிட்டித் தலைவர்.

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுத் தேடினாலும் தெரியாது சார். எல்லாத்தையும் மாத்திட்டேன்."

"எங்க, ஒண்ணைச் சொல்லு பாப்போம்."

"சீக்கிரம் சொல்லும்மா. அதுவரைக்கும் சார் எங்களை டீ குடிக்க விடமாட்டார்" என்று சிரித்தார் பக்கத்திலிருந்த பேராசிரியை.

அவள் உற்சாகமாக ஆரம்பித்தாள். "ஒரு அக்கா சார். புருஷன் வேலைக்குக் கிளம்பறப்ப அவங்க போன் சார்ஜரை பீரோவுல வெச்சுப் பூட்டிடுவான். 'உன் நல்லதுக்குத்தான் தங்கம்'னு கன்னத்தை வேற தட்டுவானாம்."

தலைவரின் முகம் சிவந்தது. "இதெல்லாம் ஒரு கொடுமையா? செருப்பைப் பூட்டி வெச்சா ஒருத்தி செத்தா போயிடுவா?"

"செருப்பா? அவ சார்ஜர்னுல்ல சொன்னா" என்றார் பேராசிரியை.

அவள் நிமிர்ந்து தலைவரைப் பார்த்தாள். நிஜத்தில் அது செருப்புதான். சார்ஜர் என்று மாற்றியது அவள். புருஷன் யாரென்று அந்த அக்கா கடைசிவரை சொல்லவேயில்லை.

தலைவர் அவளையே பார்த்தபடி கார் சாவியை எடுத்தார். "நீங்கல்லாம் டீ குடிங்க. எனக்கு வீட்டுல ஒரு வேலை இருக்கு."

அவர் படியிறங்கும் சத்தம் கேட்கும்போதே அவள் போனில் அந்த அக்காவின் நம்பரை அழுத்தியிருந்தாள்.

"அக்கா, ஒண்ணும் கேக்காதீங்க. செருப்பைத் தேடாதீங்க. வெறுங்காலோட அப்படியே வெளிய ஓடிடுங்க."