மேலே இருந்த கட்டு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. துறைமுகத்தில் சரக்கை எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் ஒருவர் எங்கள் ஆபீசுக்கு வருவார், அவர் சொன்னது. அவர் அன்று அங்கே இருந்தார்.

தையல் யூனிட் நடத்தும் ஒரு அம்மாவுக்குக் கப்பலில் வந்த துணிக்கட்டுகள் எல்லாம் நனைந்திருந்தன. கடல் தண்ணீர்தான் என்று நிரூபணமானால் கப்பல் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும். இல்லாவிட்டால் யூனிட்டை இழுத்து மூட வேண்டியதுதான்.

சேதம் பார்க்கக் கம்பெனி ஒரு சர்வேயரை அனுப்பியது. நனைந்த துணியில் மருந்து விடுவார். பால்போல வெளுத்தால் உப்புத் தண்ணீர்.

ஷெட்டுக்குள் வந்ததும் மேலே இருந்த கட்டைத் தடவிப் பார்த்தார். விரல் நுனியில் ஒட்டியதை ஊதிவிட்டார்.

"இதை ஓரமா வைங்க. டெஸ்ட் வேண்டாம். சரக்கு ஏத்தின ஊர்லயே மழையில நனைஞ்சிருக்கு."

"தொட்டதுமே சொல்லிட்டீங்களே, ஜோசியமா சார்?" அந்த அம்மா பாய்ந்தார். "கம்பெனிக்காரங்க அனுப்பின ஆளு, பின்ன எப்படிப் பேசுவீங்க!"

"இந்த ஒரு கட்டு கணக்குல வராதும்மா."

"ஏங்க, நீங்களாவது கேளுங்களேன்! வீட்ல மட்டும்தான் வாயா?"

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் அந்தக் கட்டை ஓரமாக இழுத்து வைத்தார்.

சர்வேயர் மற்ற கட்டுகளைப் பிரிக்கச் சொன்னார். மருந்து விட்ட இடமெல்லாம் வெளுத்தது. கன்டெய்னரில் துருப்பிடித்த ஓட்டையை ஏற்கெனவே பார்த்திருந்தார்.

"கடல் தண்ணிதான். அப்படியே எழுதிடறேன்" என்று கிளம்பினார்.

"ஒரு கட்டை அமுக்கிட்டுப் போறாரு பாருங்க!"

"கத்தாத" என்றார் வீட்டுக்காரர், மெல்ல. "வெளுக்கலைன்னா நம்ம கதி என்னன்னு பயந்துட்டேன். காலையில அந்தக் கட்டு மேல சமையல் உப்பைக் கரைச்சு ஊத்தினேன். பாதி கரையவே இல்ல."

அந்த அம்மா அவசரமாக அந்தக் கட்டின் மேல் ஒரு தார்ப்பாயை இழுத்துப் போட்டாராம்.

"உப்பு கண்ணுல பட்டிருந்தா மோசடின்னு எழுதியிருப்பாரு, மொத்தமும் போயிருக்கும்" என்று என்னிடம் சொல்லி முடித்தார் ஏஜென்ட். "அந்த ஊர் மழை காப்பாத்துச்சுப்பா! அதிர்ஷ்டம்தான்."

எனக்கு மனசு கேட்கவில்லை. சரக்கு ஏற்றிய ஊரின் பழைய வானிலை விவரத்தைத் தேடிப் பார்த்தேன்.

ஏற்றிய மாதம் முழுக்க அங்கே ஒரு சொட்டு மழைகூடப் பெய்யவில்லை.