பச்சை மாவுக்கட்டு

"டேரிலுக்கு என்னவாம்? இன்னிக்கும் ஆட வரலையே!"

"மனச்சோர்வாம் கோச். டாக்டரே சொல்லிட்டாராம்."

"சோர்வா!" கோச் நெவில் கிளப்பே அதிரச் சிரித்தார். "எனக்கும்தான் மாசக்கணக்கா ராத்திரி தூக்கமில்ல. காலைல எழுந்து பால் கறக்கலையா? இழுத்துப் போர்த்திக்கிட்டா கிடக்கேன்?"

எல்லோரும் சிரித்தோம். சிரிக்காமல்? கிப்ஸ்லாந்துப் பக்கம் எங்கள் ஊரில் பால் மாடும் ஃபுட்பாலும்தான் உலகம். டேரில்தான் எங்களுக்கு கோல் போடுகிறவன். அவன் இல்லாமல் வாராவாரம் உதை வாங்கிக்கொண்டிருந்தோம்.

டேரில் கட்டிலை விட்டே எழவில்லை. குளிக்கவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி கெரின் பயந்து போயிருந்தாள். "மாத்திரை ஒரு பக்கம். ஆளைத் தனியா விடாதீங்க, நாலு பேர் வந்து பேசட்டும்" என்றிருந்தார் டாக்டர்.

நாலு பேரா? ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை.

"ஜுரமில்ல, காயமில்ல. போய் எதைப் பாக்கறது?" என்றோம், வெகு நியாயமாக.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை செய்தி வந்தது. டேரில் டிராக்டரிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான்!

அடேயப்பா, ஊரே திரண்டுவிட்டது! லசான்யா வந்தது, ஆட்டுக்கறி ரோஸ்ட் வந்தது, பெட்டி பெட்டியாக பீர் வந்தது. கெரின் வீட்டு ஃப்ரிட்ஜில் இடமில்லை.

காலில் போட்டிருந்த பச்சை மாவுக்கட்டில் கையெழுத்துப் போட அடிதடி. ஒருத்தன் எதிரணி கோச்சைக் கழுதைக் காதோடு வரைந்தான். டேரில் அதைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று! கெரின் சமையலறைக்குள் ஓடிப்போய் அழுதாள்.

"பாத்தியா மச்சான்?" என்றார் நெவில். "நிஜமான நோவுன்னா நாங்க விட்டுடுவோமா?"

எல்லோரும் பீரோடு வெளியே போனோம். உள்ளே நடந்தது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. கடைசியாகக் கையெழுத்துப் போடக் குனிந்தார் நெவில். பேனா நின்றது. அந்தப் பச்சைக் கட்டைத் தடவிப் பார்த்தார்.

"இது கன்னுக்குட்டிக்குப் போடற கட்டாச்சே?"

டேரிலின் முகம் வெளுத்தது. கெரின் உள்ளேயிருந்து வந்தாள். அவள் மாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"கால் உடையல கோச். நான்தான் கட்டி விட்டேன். இவரைப் பாக்க யாராவது வரட்டுமேன்னுதான்..." கதவுப் பக்கம் பார்த்தாள். "வெளிய சொல்லிடாதீங்க. எல்லாரும் திரும்பிப் போயிடுவாங்க."

நெவில் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு டேரில் பக்கத்தில், கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக் காலை நீட்டினார்.

"கெரின்... எனக்கும் ஒண்ணு போட்டு விடறியாம்மா?"