ஒரு படி தவிடு

“தலை தட்டாத அண்ணி, கோபுரமாவே அளந்துக்கோ. அப்புறம் கொறைச்சலுன்னு ஒரு பேச்சு வரக் கூடாது.”

அம்சவள்ளி திண்டிவனத்திலிருந்து மூட்டை கட்டி எடுத்து வந்த தவிடு அது. காஞ்சிபுரத்தில் அவள் பாட்டியான ஆயாவின் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அவள் அண்ணி தையல்நாயகி அதை அளந்துகொண்டிருந்தாள். பார்க்கிறவர்கள் மாட்டுக்கு என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் அது ஒரு பிள்ளையின் விலை.

அம்சவள்ளிக்கு முதலில் பிறந்த மூன்றும் மூன்று மாதம் தாண்டவில்லை. நான்காவது பெண்ணாகப் பிறந்ததும் சோசியர் கையை விரித்துவிட்டார். “பெத்தவகிட்ட தங்காது. தவுட்டுக்கு வித்துடு. ஆறு வயசு முடியற வரைக்கும் உன் கண்ணுல படவே கூடாது.”

பிள்ளையில்லாத அண்ணிதான் ஒரு படி தவிடு கொடுத்து வாங்கினாள். எமனுக்கே வேண்டாத பெயராக இருக்கட்டும் என்று குப்பம்மா என்று பெயர் வைத்து, பதினாறாம் நாளே மூக்கையும் குத்தினார்கள். அன்றைக்கு மார்பில் பால் கட்டிய வலியோடு பஸ் ஏறியவள்தான் அம்சவள்ளி. அதற்கப்புறம் அவளுக்கு வேறு பிள்ளையும் இல்லை.

ஆறு வயது முடிந்து ஒரு வருடம் ஓடிவிட்டது. தையில் வா என்றார்கள். தை வந்ததும் பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது என்றார்கள். ஆடியில் அண்ணன் கண்ணையன், ‘குழந்தை வர மறுக்கிறது’ என்று கார்டு போட்டான்.

புருசன் அந்தக் கார்டைப் படித்துக் காட்டியதும் அம்சவள்ளி அதை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். கூடப் பிறந்தவனும் தன்னைத் தூக்கி வளர்த்த ஆயாவும் சேர்ந்துகொண்டல்லவா கழுத்தை அறுக்கிறார்கள். ‘அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன். பிள்ளையோடுதான் திரும்புவேன், இல்லையென்றால் போலீசோடு வருவேன்’ என்று பதில் கார்டு போடச் சொன்னாள்.

“எங்க எம் பொண்ணு? குடுக்க மனசு இல்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடு அண்ணி” என்றாள் இப்போது.

சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு அண்ணி சண்டையே கொடுக்கவில்லை. உள்ளே போய் ஒரு சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

“இந்தா, உன் பொண்ணு. அம்மான்னு கூப்புடுடி.”

“அம்மா” என்றது பிள்ளை, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல.

அம்சவள்ளி அதை வாரி மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். முகத்தைத் தடவியபோது பிள்ளை வலி தாங்காமல் தலையை இழுத்துக்கொண்டது. மூக்குத்தியைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது.

“இன்னா அண்ணி இது?”

“ஓட்டை தூந்து பூடுச்சி. உன் வூட்டுக்கு அனுப்பறப்போ மூளி மூக்கா அனுப்ப முடியுமா? போன வாரந்தான் மறுபடி குத்தனேன்.”

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவளையா சந்தேகப்பட்டோம் என்று அம்சவள்ளிக்கு வெட்கமாகப் போயிற்று. அண்ணி கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தான் அழுதால் பிள்ளையும் அழும் என்று அடக்கிக்கொள்கிறாள், பாவம்.

ஆயா மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். “போய்ட்டு வர்றேன் ஆயா” என்று காலைத் தொட்டபோதும் முகம் கொடுக்கவில்லை.

“ஜல்தி கெளம்பு. வித்தத வாங்கிக்கினு போறவ திரும்பிப் பாக்கக் கூடாது” என்று அண்ணி அவசரப்படுத்தினாள்.

ஒரு வாய் சோறு தின்றுவிட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை. சொந்த வீட்டிலேயே அந்நியமாக நின்றது மனசைக் குத்தியது. ஆனாலும் வளர்த்த பிள்ளையைப் பிரிகிற வீடு வேறு எப்படி இருக்கும் என்று அம்சவள்ளி தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வந்தவாசியில் பஸ் நின்றபோது பத்து நயா பைசாவுக்கு வறுத்த மல்லாட்டை வாங்கிக் கொடுத்தாள். பிள்ளை தோலை உடைத்துக் கடலையைப் பசியோடு தின்றது. ஜன்னலோரம் அதன் தலையைக் கோதியபடி, ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அண்ணிக்கு ஒரு நல்ல சேலை எடுத்து அனுப்ப வேண்டும், மன்னிப்பும் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஏழு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது.

பாதி தின்றதும் மீதி மல்லாட்டையைப் பிள்ளை பாவாடை நுனியில் போட்டு முடிந்தது.

“யாருக்குடி கண்ணு முடிஞ்சி வெக்கிற? அப்பாவுக்கா?”

பிள்ளை இல்லை என்று தலையாட்டியது.

“குப்பம்மாவுக்கு. ஊருலேர்ந்து வந்தா கேப்பா.”