மேசை நடுவில் ஒரு மூடி

இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை முடிந்து இந்திராணி அலுவலகம் திரும்பிய முதல் நாள். மதியம் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். பழக்கத்தில் அவள் தன் பாக்ஸின் மூடியை மேசை நடுவில் வைத்தாள். யாருக்கு எது மிஞ்சினாலும் அதில்தான் விழும். "இந்திராணி அக்கா முடிச்சிருவாங்க" என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே முடிப்பாள்.

பக்கத்து இருக்கை ரெபேக்கா மூடியை இந்திராணி பக்கமே நகர்த்தினாள். "உங்களுக்குத்தான் இனிமே ஆகாதேக்கா."

நடுவில் வேறொரு மூடி வந்து உட்கார்ந்தது. இந்திராணி விடுப்பில் இருந்தபோது வேலைக்குச் சேர்ந்த நிலோஃபருடையது. நல்ல பருமனான பெண். மூடியில் புளியோதரையும் தயிர்சாதமும் உருளைக்கிழங்கும் குவியக் குவியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிடித்து வைத்திருக்கத் தாடை எவ்வளவு வலிக்கும் என்று இந்திராணிக்குத் தெரியும்.

இந்திராணி தன் பாக்ஸிலிருந்து கரைத்த பருப்புசாதத்தைக் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். மூன்றாவது வாயிலேயே நெஞ்சை அடைத்தது. பாக்ஸில் முக்கால்வாசி அப்படியே கிடந்தது.

"கொட்ட மனசு வரலம்மா. நீ முடிச்சிருவேல்ல?"

கேட்டது தன் குரல்தான் என்பது, நிலோஃபர் சிரித்தபடி மூடியை நீட்டியபோதுதான் இந்திராணிக்கு உறைத்தது.