அடைத்த முகவரி

தடை என்ற பொத்தானை அழுத்திவிட்டு மடமடவென்று தண்ணீர் குடித்தாள்.

ஒழிந்தான்.

தையல் வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பியிருந்தார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு பசித்தது.

ஆரி வேலை செய்த ரவிக்கைகளைப் படம் பிடித்துப் போடும் அவளுடைய சொந்த வலைத்தளப் பக்கம் அது. அவள் முகம் அதில் எங்கும் கிடையாது. கையும் ஊசியும்தான் தெரியும். அதன் கீழே வந்துதான் அந்தச் சனியன் பிடித்தவன் அசிங்கம் அசிங்கமாக எழுதுவான். ஒருமுறை அவள் கழுத்து மச்சத்தைப் பற்றி எழுதியிருந்தான்.

அன்றிலிருந்து தெருவில் பால்காரன் சிரித்தால்கூட அவள் முந்தானையைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வீட்டில் புருஷன், கொழுந்தன், மாமனார். புருஷனிடம் மட்டும் சொன்னாள்.

"அந்தக் கண்றாவியை நான் ஏன் பாக்கணும்? இழுத்து மூடு."

மூடிவிட்டு? அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

பக்கத்தை அமைத்துக் கொடுத்த சிநேகிதி நஸ்ரின்தான் வழி சொன்னாள். பேரை மாற்றி மாற்றி வருகிறான், ஆனால் எல்லாம் ஒரே இணைய இணைப்பின் முகவரியிலிருந்துதான் வருகிறது, அதை அடைத்துவிடு என்று.

அடைத்துவிட்டாள்.

வீட்டுக்குள் வந்து, செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாகப் பக்கத்தைத் திறந்தாள்.

உங்களுக்கு அனுமதி இல்லை.

மறுபடியும் அதே.

சமையலறைக்குள் போய் நஸ்ரினைக் கூப்பிட்டாள். தப்பாக என்னையே அடைத்துத் தொலைத்தேன்டி என்று சிரித்தாள்.

வைஃபையை அணைத்துவிட்டுப் பார் என்றாள் நஸ்ரின்.

அணைத்தாள். மொபைல் டேட்டாவில் பக்கம் பளிச்சென்று திறந்தது.

ஒரு வீட்டு வைஃபையில் எத்தனை போன் இருந்தாலும் வெளியே தெரியும் முகவரி ஒன்றுதான், நீ அடைத்தது அதைத்தான் என்றாள் நஸ்ரின், மெதுவாக.

சமையலறையிலிருந்து அவள் கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

மூன்று பேரும் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தெரு முழுக்கச் சந்தேகப்பட்டாளே. பாவம், அந்தப் பால்காரன்.

தோசைக்கல்லைப் போட்டாள். மாமனாருக்கு இரண்டு வைத்தாள். கொழுந்தனுக்கு வைக்கும்போது சட்னி தரையில் கொட்டியது. யார் முகத்தையும் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. தாய்வீட்டில் அண்ணன் குடும்பம். போய் நிற்க ஓர் இடம் கிடையாது.

"என்ன, உன் பக்கம் திறக்கவே மாட்டேங்குது?"

புருஷன்தான். போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கல்லில் தோசை தீய்ந்தது.

அடுப்பை அணைத்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தாள். தடையை நீக்கினாள்.

"இப்ப பாருங்க," என்றாள். "திறக்கும்."