ஒரே கைப்பிடி

அது ஆவணியா, புரட்டாசியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. எங்கள் அணையின் மதகுகளுக்குக் கைப்பிடி ஒன்றுதான் என்பதில் இல்லை. டவுன் குழாய்களுக்கான சின்ன மதகு எப்போதும் திறந்தே இருக்கும். மற்ற தண்ணீர் வாரத்தில் ஐந்து நாள் வயலுக்கு, இரண்டு நாள் ஆலைக்கு. வெளிநாட்டில் ஆலைக்குத்தான் அதிகம் என்று சொல்லி, புது என்ஜினியர் அதைத் தலைகீழாக்கினார்.

மதகுக்காரர் ஒச்சு வயல் மதகை அடைத்து, கைப்பிடியைக் கழற்றி ஆலை மதகுக்கு நகர்ந்தபோது, நெல் போட்டிருந்த செல்லத்தாய் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“கதிருல இப்பத்தான் பால் புடிக்குதுண்ணே. இன்னும் ஒரு தண்ணி.”

“ஆலை நின்னா ஒன் மகனுக்குத்தான் தாயி வேலை போகும்.”

“அவனுக்குக் காலு இருக்கு, வேற ஆலைக்குப் போவான். நெல்லு எங்கண்ணே போகும்?”

அவள் கைப்பிடியை மதகுக் குழிக்கு மேலே நீட்டினாள். இரண்டு மதகுகளும் மூடியிருப்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. ஒச்சு மெதுவாகக் கையை நீட்டினார். கிரீஸ் பூசிய இரும்பு வழுக்கியது.

புதுக் கைப்பிடி வரப் பன்னிரண்டு நாளாயிற்று. நெல் பதராகிவிட்டது. ஆலை முப்பது பேரை நிறுத்தியது. அவள் மகனும் அதில் ஒருவன். ஒச்சு கைப்பிடியை இடுப்போடு சங்கிலியில் பூட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறார். செல்லத்தாய் டவுனில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறாள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குழாயை மூடித் திறக்கிறாள்.