மூன்றாவது அழைப்பு

"அனன்யா விஸ்வநாதன்! முதல் தடவை!"

ஒலிபெருக்கியில் அதிகாரி கூப்பிட்டதும் விஸ்வநாதன் மேடைக்கு ஓடினார்.

"சார், நான் அவள் அப்பா. மகள் வந்துகொண்டே இருக்கிறாள். ஒரு பத்து நிமிடம்..."

"மாணவி நேரில் நிற்க வேண்டும். கையில் அசல் சான்றிதழ் வேண்டும். மூன்று தடவை கூப்பிடுவேன். வராவிட்டால் அடுத்த பெயர்."

தலைநகரின் அந்த அரசுப் பல்கலைக்கழகத்தில், கணிதமும் கணினியும் சேர்ந்த பொறியியல் படிப்பில், மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடம். இதுதான் கடைசிச் சுற்று.

தப்பு விஸ்வநாதனுடையது. நொய்டாப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்து மயங்கி, மகளின் சான்றிதழ்களை அங்கே ஒப்படைத்தவர் அவர்தான். "எனக்குக் கணக்குதான்ப்பா வேணும்" என்று அவள் பத்து நாள் அழுத பிறகு, இன்று காலையில்தான் தலையாட்டினார். அங்கே சேர்ந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு அவள் இங்கே வந்தாக வேண்டும்.

செல்போனை எடுத்தார். "எங்கேடி இருக்கே?"

"மெட்ரோல இறங்கிட்டேன்ப்பா. வெளியில ஃபுல் ஜாம். ஓடி வந்துண்டிருக்கேன்."

"அனன்யா விஸ்வநாதன்! இரண்டாவது தடவை!"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "இன்னா சாரு, பொண்ணு இன்னும் வரலையா?"

காலையில் வலிய வந்து பேச்சுக் கொடுத்த ஆள். பெயர் கருப்பசாமி. தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பை இடித்த பிறகு, ஊர்க்கோடியில் நரேலாவில் குடியிருக்கிறாராம். துப்புரவுத் தொழிலாளர் சங்கமாம். விஸ்வநாதன் "ஓகோ" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டிருந்தார். 'இவர் மகளுக்கு ஒதுக்கீட்டில் ஏதாவது கிடைத்துவிடும். பொதுப்பட்டியல் வரிசையில் இவருக்கு என்ன வேலை?' என்றுகூட நினைத்திருந்தார்.

"வந்துண்டிருக்கா" என்றார் விஸ்வநாதன் இப்போது, வாசலைப் பார்த்தபடி.

கருப்பசாமி எழுந்தார்.

"ருக்கோ! நிறுத்துங்கள்!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"காலி இடப் பட்டியல் எங்கே?" முரட்டு இந்தியில் கேட்டார். "சுற்று தொடங்கும் முன்னால் சுவரில் ஒட்ட வேண்டும். உங்கள் கையேட்டிலேயே போட்டிருக்கிறது, பன்னிரண்டாம் பக்கம். ஒட்டாமல் ஒரு பெயரும் கூப்பிடக் கூடாது!"

"கணினியில் இருக்கிறது. உட்காருங்கள்."

உட்கார்ந்தார். மேடைக்கு நேர் முன்னால், தரையில், சம்மணம் போட்டு.

விஸ்வநாதனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடிப் போய்க் குனிந்தார். "ஏங்க, எழுந்திருங்கோ. உங்க சங்கச் சண்டையை இங்கே வச்சுக்காதீங்கோ. அந்த மனுஷன் கோவத்துல எம்பொண்ணு பேரையே அடிச்சுடுவான்!"

"நீங்க போயி வாசலப் பாருங்க சாரு" என்றார் கருப்பசாமி.

காவலாளிகள் இரண்டு பேர் வந்தார்கள்.

"தூக்குங்கப்பா" என்றார் அவர்களிடம். "போராட்டத்தில் பதினாலு தடவை தூக்கியிருக்கிறார்கள், எனக்குப் பழக்கம்தான். உங்கள் இடுப்பு பத்திரம்."

யாரோ சிரித்தார்கள். பின்வரிசையில் அவர் மகள் எழுந்து, பட்டியலை ஒட்டச் சொல்லிக் கை தட்டினாள். "லிஸ்ட் லகாவ்! லிஸ்ட் லகாவ்!" ஹரியானாக்காரத் தகப்பன்மார் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். பிறகு மண்டபம் முழுக்க அதே சத்தம்தான்.

அதிகாரி மைக்கை மேஜைமேல் போட்டுவிட்டு, குமாஸ்தாவைப் பிரிண்டரிடம் விரட்டினார். பிரிண்டரில் காகிதம் சிக்கியது. காகிதம் வந்தபோது பசையைக் காணோம். பசை கிடைத்தபோது, பட்டியலில் முத்திரை இல்லை என்றார் கருப்பசாமி. முத்திரை குத்த அது மாடிக்குப் போனது.

கடைசியில் ஒட்டி முடித்தார்கள்.

"அனன்யா விஸ்வநாதன்! மூன்றாவது..."

"ஆ கயீ சார்!"

தலைமுடி கலைந்து, மூச்சு வாங்க, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, வந்துவிட்டேன் என்று இந்தியில் கத்தியபடி வாசலில் நின்றாள் அனன்யா.

ஐந்து நிமிடத்தில் கையெழுத்து முடிந்தது. விஸ்வநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தேங்க்ஸ்ப்பா" என்றாள் மகள்.

"எனக்கு எதுக்குடி? அவருக்குச் சொல்லு."

முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டிருந்த கருப்பசாமியிடம் போய் அவள் கைகுவித்தாள்.

"நல்லாப் படிம்மா. கணக்கு தெரிஞ்சவங்கள ஏமாத்துறது கஷ்டம்" என்றார் அவர்.

விஸ்வநாதனும் அவரிடம் வந்தார். "நான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். முன்னே பின்னே தெரியாத எங்களுக்காக..."

"உங்களுக்காகன்னு யாரு சொன்னது? வரிசையில மொதல்ல நிக்கிற பொண்ணு அது. டிராஃபிக்ல மாட்டிக்கிச்சுன்னா அதோட இடம் போயிடணுமா? நியாயத்தக் கேட்டேன், அவ்ளோதான்."

"உங்க பொண்ணுக்கு எங்கே கிடைச்சிருக்கு?"

"வேற யுனிவர்சிட்டியில பி.எஸ்சி. கணக்கு. கையில வச்சிருக்குது. இங்கயும் பாப்போம்னுதான் வந்தோம்." மகளைப் பார்த்துச் சிரித்தார். "அதுவும் நல்ல படிப்புதான். இல்லியாம்மா?"

"ஆமாம்ப்பா" என்றாள் அவளும் சிரித்தபடி.

அவர் கையைப் பிடித்துக்கொள்ள விஸ்வநாதன் தன் கையை நீட்டினார். அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

"கடைசி இடமும் நிரம்பிவிட்டது. பொதுப்பட்டியலில் அடுத்த பெயர், சுஜாதா கருப்பசாமி... நீங்கள் காத்திருக்க வேண்டாம், போகலாம்."